அடுப்படிக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்க ஊர்ல 50 வீட்டுல சமையலுக்கு ஆகிற எரிபொருளைக் கணக்கெடுத்து, பாட்டி காலத்தோட ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்காங்க. ஒரு வீட்டுல விறகு, அடுத்த வீட்டுல கேஸ், பாதி வீட்டுல ரெண்டுமே இருக்குதுங்க. கிலோவையும் சிலிண்டரையும் யூனிட்டையும் எப்படிங்க ஒண்ணாச் சேர்க்கிறது?
கல்லூரி மாணவி, பெருந்துறை

பதில்: அடுப்புக்குள் எவ்வளவு போனது என்பதோடு நிற்காதீர்கள். போசிக்குள், அதாவது பாத்திரத்துக்குள், எவ்வளவு சூடு ஏறியது என்று பாருங்கள். அப்போதுதான் விறகும் கேஸும் ஒரே தராசில் நிற்கும்.

அதற்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, எரிபொருளில் அடங்கியிருக்கும் வெப்பம். மற்றொன்று, அடுப்பின் திறன். நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்கு சுமார் 15 மெகாஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) உண்டு. மூன்று கல் அடுப்பிலும் சாதாரண மண் அடுப்பிலும் இதில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்தில் ஏறும். மீதி அடுப்புச் சுவரிலும் புகையிலும் போய்விடும். 12 சதவீதம் என்று வைத்தால், ஒரு கிலோ விறகில் நமக்குக் கிடைப்பது 1.8 மெகாஜூல். சமையல் கேஸில் கிலோவுக்கு சுமார் 46 மெகாஜூல். பழகிய கேஸ் அடுப்புக்கு 65 சதவீதம் திறன் என்று கொள்ளலாம். வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. 14.2 × 46 × 0.65 என்று பெருக்கினால் ஏறத்தாழ 425 மெகாஜூல்.

இந்த 425ஐ அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதே வேலையைச் செய்யக் காய்ந்த விறகு 235 கிலோ வேண்டும். வரட்டியில் கிலோவுக்கு சுமார் 10 மெகாஜூல்தான், அடுப்பில் அதன் திறனும் 10 சதவீதத்தைத் தாண்டாது. ஆக 425 கிலோவுக்குக் குறையாது. சீமெண்ணெய் லிட்டருக்கு 35 மெகாஜூல், ஸ்டவ்வின் திறன் 45 சதவீதம் என்றால் 27 லிட்டர். சாண எரிவாயு கன மீட்டருக்கு 20 மெகாஜூல், திறன் 55 சதவீதம் என்றால் 39 கன மீட்டர். இண்டக்‌ஷன் அடுப்பில், ஒரு யூனிட் 3.6 மெகாஜூல், திறன் 85 சதவீதம் என்று கொண்டால் 140 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. எல்லாமே தோராயம்தான். ஆனால் 50 வீடுகளுக்கும் ஒரே எண்களைப் பயன்படுத்தினால் ஒப்பீடு நிற்கும்.

235 கிலோ என்று தாளில் எழுதுவது எளிது. 20 கிலோ தலைச்சுமையாக அது 12 நடை. சிலிண்டர் ஒரு வீட்டில் 40 நாள் வந்தால், அந்த வீட்டுப் பெண் ஏறத்தாழ மூன்று நாளைக்கு ஒருமுறை விறகுக்குப் போயிருக்க வேண்டும் என்று அர்த்தம். உங்கள் கட்டுரையில் நடைக்கும் நேரத்துக்கும் தனிப் பத்தி ஒதுக்குங்கள். அதை விட்ட கணக்கு பாதிக் கணக்கு.

இனி அளக்கும் முறை. "மாசத்துக்கு எவ்வளவு விறகு ஆகும்?" என்று கேட்டால் "நாலு கட்டு" என்பார்கள். கட்டுக்குக் கட்டு எடை மாறும். அந்த எண்ணை நம்ப முடியாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக விறகைத் தனியாக அடுக்கி, அதிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். 50 கிலோ தொங்கு தராசு போதும். ஏழு நாளும் ஒரே நேரத்தில் போய் மிச்சத்தை எடை போடுங்கள். சிலிண்டரையும் அப்படியே கழற்றி எடை போடலாம். ரெகுலேட்டரை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

பொடக்காளியில் (வீட்டுக் கொல்லையில்) குளிக்கத் தண்ணீர் காய வைப்பதும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சுவதும் சமையல் கணக்கில் கலந்துவிடக் கூடாது. பெரும்பாலான கணக்கெடுப்பு கோணலாவது இங்கேதான். அதற்கான விறகைத் தனியாக அடுக்கச் சொல்லுங்கள்.

சாப்பிட்டவர்களையும் தலையெண்ணிக்கையாக எழுதாதீர்கள். 15 முதல் 59 வயது வரையிலான ஆண் 1, 14 வயதைத் தாண்டிய பெண் 0.8, 59ஐத் தாண்டிய ஆண் 0.8, 14 வயது வரை பிள்ளைகள் 0.5 என்பது விறகுக் கணக்கெடுப்புகளில் வழக்கமான அளவு. வேலையாட்கள் சாப்பிட்டால் அவர்களையும் சேருங்கள். நோன்பு, சீர், கெடா வெட்டு வரும் வாரத்தைத் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம், பங்குனி வெயிலில் ஒரு வாரம் என இருமுறை எடுத்தால்தான் ஈர விறகின் செலவு தெரியும். 40 சதவீதம் ஈரமுள்ள விறகில், கிலோவுக்கு 400 கிராம் வெறும் தண்ணீர். அதை ஆவியாக்கிய பிறகுதான் சூடு பானைக்கு வரும்; கிடைக்கும் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

பாட்டி காலத்துக்கு எடை கேட்டுப் பயனில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடுப்பு பற்ற வைத்தீர்கள்? அதில் என்ன வெந்தது? விறகு எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும். கம்பும் சோளமும் ராகியும் தின்ற காலத்தில் பல வீடுகளில் பெரிய சமையல் சாயங்காலம்தான். ராத்திரிக்குச் சூடாகக் கம்பஞ்சோறு. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்த கூழ். ஒரு நெருப்பில் இரண்டு வேளை. பவானிசாகர் அணை 1955இல் முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, நெல் விளைந்தது, பிறகு ரேஷன் அரிசி வந்தது. அரிசிச் சோறும் இட்லியும் தோசையும் வேளைக்கு வேளை சூடாக வேண்டியவை. உணவு மாறியதால் நெருப்பின் கணக்கும் மாறியது. எரிபொருள் மாற்றத்தை மட்டும் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

விறகும் நிலத்தைத் தொடர்ந்தே வந்தது. பருத்தி போட்ட காட்டில் பருத்திமார் (காய்ந்த பருத்திச் செடி), கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டில் வெள்வேல், தரிசில் சீமைக்கருவேலம், பனை நின்ற இடத்தில் மட்டை, ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் குச்சி. பருத்தி போய்த் தென்னை வந்த தோட்டங்களில் இன்றைக்கு அடுப்பில் எரிவது தென்னை மட்டை.

மின்சாரத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரத்தில் கோவையின் ஆலைகளும் தோட்டத்து மோட்டார்களும் ஓடின. ஆனால் சோறு பல தலைமுறைக்கு விறகிலேயே வெந்தது. சமையலுக்கு மின்சாரம் முதலில் ஆட்டுக்கல்லின் வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. அதிலும் செலவு கொஞ்சம்தான்: 150 வாட் கிரைண்டர் அரை மணி ஓடினால் 0.075 யூனிட். அது மிச்சப்படுத்திய தோள்வலி கணக்கில் வராது. கேஸ் கிராமத்துக்குப் பரவலாக வந்தது 2007இல் மாநில அரசு இலவச அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கிய பிறகு; 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. ஆனாலும் விறகடுப்பு போகவில்லை. காலையில் பனியன் கம்பெனி வண்டி வருவதற்குள் டீயும் டிபனும் கேஸில். ஞாயிற்றுக்கிழமை கறியும், குளிக்கத் தண்ணீரும் விறகில். "விறகு வீடு", "கேஸ் வீடு" என்று இரண்டு கட்டம் போட்டால் உங்கள் 50 வீடுகளில் பாதி எதிலும் அடங்காது. மூன்றாவது கட்டம் போட்டு, எந்தப் பண்டம் எதில் வேகிறது என்று எழுதுங்கள்.

கேள்வி: கேஸ் விலைக்கு இண்டக்‌ஷனே மேல்ங்கிறாங்க. நூறு யூனிட் இலவசம் வேற இருக்குது. மாறிடலாமுங்களா?
தாராபுரம்

பதில்: ஒரு சிலிண்டரின் வேலைக்கு இண்டக்‌ஷனில் ஏறத்தாழ 140 யூனிட் ஆகும் என்று மேலே பார்த்தோம். அதனால் இப்போதைய சிலிண்டர் விலையை 140ஆல் வகுங்கள். 900 ரூபாய் என்றால் 6 ரூபாய் 43 பைசா. உங்கள் வீட்டில் கூடுதலாக ஓடும் யூனிட்டின் விலை இதற்குக் கீழே இருந்தால் இண்டக்‌ஷன் லாபம். மேலே போனால் கேஸ் லாபம்.

இலவச 100 யூனிட்டை இதில் சேர்க்காதீர்கள். அதை விளக்கும் ஃபேனும் ஃபிரிட்ஜும் முதலிலேயே தின்றுவிடும். இண்டக்‌ஷன் எடுப்பது கணக்கின் மேல்நுனியில், விலை அதிகமான படியில்தான் போய்ச் சேரும். 40 நாளைக்கு ஒரு சிலிண்டர் ஆகிற வீடு முழுவதும் மாறினால், இரண்டு மாதத்துக்கு 210 யூனிட் கூடும். இப்போது 250 ஓடினால் 460 ஆகும். இப்போதே 320 ஓடினால் 530 ஆகும். 500ஐத் தாண்டினால் அந்த மேல் 30க்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். போன நான்கு பில்லை எடுத்துப் பாருங்கள். 500ஐ நெருங்குகிற வீடு பால், டீ, வெந்நீர் போன்றவற்றை மட்டும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் போதும்.

வயரிங்கைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருக்கும் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் முதலில் சூடாகும், பிறகு மஞ்சளாகும், பிறகு உருகும். 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், எர்த் மூன்றும் வேண்டும். பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் ஆகும். பித்தளைப் போசி, அலுமினியக் குண்டா, மண்சட்டி மூன்றும் ஆகாது. பாத்திரம் மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: எங்ககிட்ட ரெண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலன், டிரம் வச்சது இருக்குது. மாடு முன்ன ஆறு, இப்ப மூணுங்க, காங்கேயம் மாடு. அடுப்பு ஒன்றரை மணி நேரம்கூட எரிய மாட்டேங்குது. டிரம்ல ஓட்டையா?
விவசாயி, வெள்ளக்கோவில்

பதில்: ஓட்டையைத் தேடும் முன் சாணத்தை எடை போடுங்கள். இரண்டு கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ பச்சைச் சாணம் வேண்டும். பகலில் கொறங்காட்டில் மேயும் மாடு பாதிச் சாணத்தை அங்கேயே போட்டுவிடும். ராத்திரி கட்டுத்தரையில் விழுவது மாட்டுக்கு 5 அல்லது 6 கிலோ என்றால் மூன்று மாட்டுக்கு 16 கிலோ சுமார். ஒரு கிலோ சாணத்துக்கு 40 லிட்டர் வாயு. ஆக 640 லிட்டர். மணிக்கு 450 லிட்டர் இழுக்கும் அடுப்பு இதில் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். உங்கள் கலன் பழுதாகவில்லை, பட்டினியாக இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துச் சாணத்தைக் கேட்டு வாங்குங்கள். செரித்த கழிவை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கலாம். வரட்டி தட்டி எரித்தால் சாணத்தின் தழைச்சத்து புகையோடு போய்விடும். கலன் வழியாகப் போனால் சமையலும் ஆகும், எருவும் காட்டுக்கு மிஞ்சும்.

சாணம் போதுமான அளவு போட்டும் வாயு குறைந்தால் இந்த வரிசையில் பாருங்கள். வாயு சேரச் சேர டிரம் மேலே ஏற வேண்டும். டிரம் மேலே நிற்கிறது, அடுப்பில் தீ துடித்துத் துடித்து எரிகிறது என்றால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும். தாழ்வான இடத்தில் இருக்கும் வடிகாலைத் திறந்து விடுங்கள். டிரம் ஏறவே இல்லை என்றால் உள்ளே சாணக் கரைசலின் மேல் பாலாடை மாதிரி ஆடை கட்டியிருக்கலாம். தினமும் டிரம்மைப் பிடித்து இரு பக்கமும் திருப்பினால் அது உடையும். வைக்கோல் துணுக்கும் மணலும் உள்ளே போகாமல் கலக்கும் தொட்டியிலேயே பொறுக்குங்கள். சாணமும் தண்ணீரும் சமபங்கு. தண்ணீர் கூடினால் சாணம் செரிக்கும் முன்பே வெளியேறிவிடும். ஃபினாயில், சோப்புத் தண்ணீர் கலந்த கட்டுத்தரைக் கழிவையும், மருந்து ஊசி போட்ட மாட்டின் சாணத்தையும் சில நாள் உள்ளே விடாதீர்கள். வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சாகும். மிச்சச் சோற்றை நிறையக் கொட்டிப் புளித்த வாடை வந்தால், ஒரு வாரம் எதுவும் போடாமல் விடுங்கள். மார்கழியில் கொஞ்சம் குறைவது இயல்பு. மத்தியானம், வெயிலில் வைத்த தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. கேஸ் அடுப்பை அப்படியே மாட்டினால் எரியாது. இந்த வாயுவின் அழுத்தமும் வெப்பமும் குறைவு, இதற்கு அடுப்பில் வாயு வரும் ஜெட் துளை பெரிதாக இருக்க வேண்டும். இன்னொன்று, இதைத் தயவுசெய்து வீட்டிலும் வேலையாட்களிடமும் சொல்லி வையுங்கள்: கலனைச் சுத்தம் செய்ய யாரும் உள்ளே இறங்கக் கூடாது. காலியாகத் தெரிந்தாலும் அதில் நச்சு வாயு நிற்கும். முதலில் இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாவதுதான் இதில் நடப்பது.

கேள்வி: தோப்புல மட்டை, பன்னாடை, தேங்காய்த் தொட்டி கொட்டிக் கிடக்குது. அதை எரிச்சா வீடு பூரா புகை. அம்மாவுக்கு இருமல் நிக்கலீங்க. அடுப்பை எப்படிக் கட்டுனாப் புகை வராது?
ஆனைமலை

பதில்: முதலில் அம்மாவை மருத்துவரிடம் காட்டுங்கள், விறகடுப்பு எத்தனை ஆண்டு, நாளைக்கு எத்தனை மணி என்பதையும் சொல்லுங்கள். வீட்டுப் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அம்மாவின் சமையல் கேஸுக்குப் போகட்டும். மட்டை வெளியே தாவாரத்தில் தண்ணீர் காய்ச்சவும் பெரிய சமையலுக்கும் இருக்கட்டும்.

புகை என்பது எரியாமல் தப்பிய எரிபொருள். மட்டையை முழுசாகத் திணித்தால் காற்று போக வழியில்லை, புகைகிறது. அடுப்புக்குள் 12 சென்டிமீட்டர் சதுரத்தில் வாய், அதே அளவில் மேலே போகும் குழி, உயரம் 30 சென்டிமீட்டர்; பக்கவாட்டில் பார்த்தால் படுத்த குழாயும் நின்ற குழாயும் சேர்ந்த மாதிரி இருக்க வேண்டும். வாயின் நடு உயரத்தில் ஒரு தகடு. அதன் மேல் விறகு, அதன் கீழே காற்று. மட்டையை நீளவாக்கில் விரல் தடிமனுக்குக் கிழித்து, நுனி மட்டும் எரியும்படி தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். போசிக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி; அதற்குக் குறைந்தால் புகை முன்னால் திரும்பும், கூடினால் சூடு தப்பும்.

உள்சுவரைக் கெட்டிச் செம்மண்ணால் கட்டாதீர்கள். கனத்த மண் அரை மணிச் சூட்டைத் தானே குடித்துவிடும். களிமண்ணோடு மரத்தூள் கலந்து சுட்ட கல் நல்லது. தூள் எரிந்து போன துளைகள் சூடு சுவருக்குள் போகாமல் தடுக்கும். பற்ற வைக்கப் பன்னாடை போதும். பாலிதீன் பையைப் போடவே போடாதீர்கள்.

புகைபோக்கி வைத்தால் 4 அங்குலக் குழாய், ஓட்டுக்கு மேல் இரண்டடி நிற்கட்டும். மாதம் ஒருமுறை கரி தட்ட வேண்டும். 1983இல் தொடங்கி 2002இல் நிறுத்தப்பட்ட அரசின் புகையில்லா அடுப்புத் திட்டத்தில் பல அடுப்புகள் வீணானதற்கு இதுவும் ஒரு காரணம்: குழாய் அடைத்ததும் புகை திரும்பியது, வாய் சின்னது என்று வீட்டிலேயே இடித்துப் பெரிதாக்கினார்கள், அதோடு அது பழைய அடுப்பாகிவிட்டது. உங்கள் அடுப்பு கட்டுகிறவரிடம் உங்கள் வீட்டுப் போசியையே கொடுத்து அளவெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மரத்தூள் அடுப்பு இப்பவும் உபயோகமாகுமா?
மேட்டுப்பாளையம்

பதில்: மரத்தூள் பக்கத்தில் கிடைத்தால் ஆகும். தகர டின்னின் அடிப்பக்கவாட்டில் ஓட்டை போட்டு, அதன் வழியாக ஒரு கட்டையைப் படுக்க வைத்து, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்துங்கள். சுற்றிலும் காய்ந்த தூளைப் பிடி பிடியாகப் போட்டு இடித்து இறுக்கி, இரண்டையும் திருகி மெதுவாக உருவுங்கள். கீழ் ஓட்டையில் பற்ற வையுங்கள். இறுக்கம் போதாவிட்டால் நடுவில் சரிந்து அணையும். தூளில் ஈரமிருந்தால் புகையும். அடைத்த அறையில் வேண்டாம், எரிந்துகொண்டிருக்கும்போது இடையில் தூள் நிரப்பவும் முடியாது.

கேள்வி: கொள்ளுப்பருப்பு வேக ஏகப்பட்ட கேஸ் ஆகுது. ஊற வச்சும் சில நாள் கல்லு மாதிரி நிக்குது.
உடுமலை

பதில்: ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 0.3 மெகாஜூல். அதே லிட்டரை ஆவியாக்க 2.26 மெகாஜூல், ஏழரை மடங்கு. திறந்த சட்டியில் தளதளவென்று கொதிக்கவிட்டு இரண்டு லிட்டர் வற்றினால், ஒரு வீட்டின் ஒரு நாள் சமையல் சூட்டில் ஏறத்தாழ பாதி கூரைக்குப் போய்விட்டது. தண்ணீர் கொதித்த பிறகு தீயைக் கூட்டுவதால் அது 100 டிகிரியைத் தாண்டாது. குக்கரில் சுமார் 120 டிகிரி வரும். அங்கும் முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துவிடுங்கள்.

எட்டு மணி நேரமாவது ஊறட்டும். குக்கர் இல்லையென்றால், 20 நிமிடம் மூடிக் கொதிக்கவிட்டு, பனியன் துணிக் கழிவையோ வைக்கோலையோ நாலு பக்கமும், அடியிலும் மேலேயும் 10 சென்டிமீட்டர் இறுக்கிய அட்டைப்பெட்டிக்குள் சட்டியை வைத்து மூடி, மூன்று மணி நேரம் திறக்காமல் விடுங்கள். கடையும் முன் மறுபடி ஒரு கொதி விடுங்கள்.

கல்லு மாதிரி நிற்பது பெரும்பாலும் போர்த் தண்ணீரால்தான். சுண்ணாம்பும் மக்னீசியமும் கூடிய தண்ணீரில் பருப்பின் தோல் இளகாது. ஊற வைக்கவும் வேக வைக்கவும் ஆற்றுத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். புளியும் தக்காளியும் பருப்பு வெந்து நசுங்கிய பிறகு போடுங்கள்.